மாதையன் வீட்டுக்கு இரண்டு முறை போட்ட தளம்

தளம் பதிப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருபது நிமிடம் இருந்தார்கள். அதில் பதினொரு நிமிடம் போனில் படம் காட்டினார்கள். இப்போது புதிதாக வரும் பலகைத் தளத்தின் படங்கள். பிளாஸ்டிக்கும் கல்மாவும் சேர்த்துச் செய்த மெல்லிய பலகை. ஒன்றை இன்னொன்றில் கோத்து அழுத்தினால் போதும். சிமென்ட் வேண்டாம், மணல் வேண்டாம், ஒரு நாளில் ஒரு கூடம் முடிந்துவிடும்.

"சார், புள்ளகுட்டிங்க ஓடி ஆடற வூடு, தண்ணி நெறையப் பொழங்கற வூடு. அதுக்கு எந்தத் தளம் பெஸ்ட்டுங்க? ஒரே வரியில சொல்லுங்க, மலர்ல கட்டம் கட்டிப் போட்டுரலாம்" என்றார் அவர்களில் ஒருவர்.

ஒரே வரியில் சொல்ல முடிந்திருந்தால் முப்பத்தொரு வருடம் டேப்பையும் ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறி இறங்கியிருக்க மாட்டேன். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பதினொரு நிமிடம் உட்காருவார்கள்.

போகும்போது ஒரு பெட்டிப் பலகையை வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டியின் மேல் 'முழுமையாகத் தண்ணீர் புகாதது' என்று ஐந்து இடத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு தாள். அதில் பொடி எழுத்தில் ஒன்பது நிபந்தனைகள். நான்காவது நிபந்தனை, தரையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்பது. பலகைக்குள் தண்ணீர் புகாது, அது உண்மைதான். பலகைக்கு அடியில் புகும். புகுந்த தண்ணீர் ஆவியாகக்கூட வெளியே வர முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாக ஊற்றி விளக்குமாற்றால் தள்ளும் நம் வீடுகளில் அந்தத் தாளை யார் படிக்கப் போகிறார்கள்? நான் மூன்று முறை படித்தேன். கண்ணாடி போட்டும் கண் வலித்தது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. கணிதத்தில் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலைக்கு ஆறு இடத்தில் எழுதிப் போட்டு, ஆறும் கிடைக்காமல், தருமபுரியில் ஒரு டைல்ஸ் கடையில் அளவு எடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கொத்தனார்களோடு விட்டார்கள். கலவையின் பதம், தட்டிப் பார்த்தால் அடியில் வெறுமையாக இருக்கும் கல்லின் சத்தம், குளியலறையில் எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம் சரிவு என்பதெல்லாம் அந்த இரண்டு வருடத்தில் வந்தவை. முட்டி வலியும் அப்போது வந்ததுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கடையின் மேனேஜர் அங்கமுத்துவைப் பற்றி எழுத வேண்டும். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, காதில் செருகிய பென்சில். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல், எல்லா அறைகளிலும் ஒரு சுற்று வெறுங்காலில் நடப்பார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொண்டு வருவார்கள். அதைக் கூடத்தின் நடுவில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். வீட்டுக்காரர்களின் முகம் மாறும். அவர் கவலைப்பட்டதில்லை. எந்த வாடிக்கையாளரிடமும் ஒரு கல்லை "நல்ல கல்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்க போடப் போறீங்க?" என்பார், அவ்வளவுதான்.

பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாளை அவர்தான் தயாரித்து வைத்திருந்தார். எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வெளியிலிருந்து வெறுங்காலோடு வருவார்கள், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், ஆடு மாடு உள்ளே வருமா, உலக்கை, அம்மி உண்டா, தரையைக் கழுவுவீர்களா துடைப்பீர்களா என்று போகும். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆண்கள் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அவர் உத்தரவு. அதியமான்கோட்டையில் ஒரு வீட்டுக்காரர் "தொடைக்கறதுதாங்க, தண்ணியே ஊத்தமாட்டோம்" என்று அடித்துச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, சத்தமில்லாமல், இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக் கவிழ்ப்பதுபோலக் காட்டினார். நான் 'கழுவுதல்' என்று எழுதினேன். அந்தத் தளம் இன்றும் நன்றாக இருக்கிறது.

தளத்தில் தண்ணீர் புகும் இடங்கள் மூன்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, வாசற்படியின் அடி. கல்லின் வழியாகப் புகுவது அரிது. ஆனால் எல்லோரும் கல்லைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். இந்த மூன்று இடத்தையும் சரியாகக் கவனித்தால் எந்தக் கடினமான கல்லும் இருபது வருடம் வரும். இதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மீதி மூன்று பக்கத்தையும் ஒரே ஒரு வீட்டுக்கு ஒதுக்குகிறேன்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாதையன் என்ற விவசாயியின் வீடு. மாசி மாதம், புளி வேலை மும்முரமாக நடக்கும் சமயம். மாதையன், அவர் மனைவி காவேரியம்மாள், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள், மாதையனின் தங்கை பாஞ்சாலை. மொத்தம் பதினொரு பேர். இருபத்திரண்டு கால் என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எத்தனை கால் என்பது என் சொந்தக் கணக்கு. தேய்மானத்துக்கு உதவும் என்று நானே சேர்த்துக்கொண்டது.

வீட்டின் பின்பக்க அறையில் புளி தட்டும் வேலை நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரும் பாஞ்சாலையும் வட்டமாக உட்கார்ந்து, புளியைக் கல்லில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அறையைக் கழுவி விடுவார்கள். புளித்தண்ணீர் கூடத்து ஓரமாக ஓடி, முற்றத்துச் சாக்கடையில் விழும். பழைய சிமென்ட் தரையைப் புளி தின்றிருந்தது. இருபத்தேழு இடத்தில் குழி. சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. குழி இல்லாத இடமெல்லாம் பல வருடத் தேய்ப்பில் கண்ணாடிபோல வழுவழுப்பு. ஈரத்தில் வழுக்கி விழுந்து காவேரியம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டு போட்ட கையோடுதான் எனக்கு மோர் கொண்டுவந்தார்.

எனக்கு முடிவு எடுக்க நேரமே ஆகவில்லை. புளி தின்னாத, தண்ணீர் குடிக்காத, ஈரத்திலும் கால் பிடிக்கும் சொரசொரப்பான டைல். வீடு முழுவதும் அதுவே. பையிலிருந்து மாதிரிக் கல்லை எடுத்து மாதையனிடம் காட்டினேன். பின்னறையில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை கையை நீட்டினார்.

"அந்தக் கல்ல இப்பிடிக் குடுங்க பாக்கலாம்."

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையைக் கல்லின் மேல் மூன்று முறை இழுத்தார்.

"அரம் மாதிரி இருக்குதுங்களே."

"அப்படித்தாங்க இருக்கணும். நடக்கிறவங்களுக்கு வழுக்காது" என்றேன்.

"நடக்கறவங்களுக்கு" என்றார் அவர். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். "உனக்குந்தான் சொல்றாரு, நல்லாக் கேட்டுக்க" என்று ஒருத்தி அவர் தோளைத் தட்டினாள். நானும் சிரித்து வைத்தேன்.

"ரெண்டு நாளைக்கு இத இங்கியே வெச்சிட்டுப் போங்க" என்று கேட்டார்.

"இல்லீங்க. ரெண்டு மாதிரிதான் இருக்குது. எண்ணிக் கொடுத்திருக்காங்க, எண்ணித் திருப்பிக் கொடுக்கணும்."

"கல்லுக்குமா எண்ணிக்கை? சரி, கொண்டுபோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாஞ்சாலைக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு காலும் அவருக்கு உதவாது. கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்த நிலையிலேயே உடம்பைத் தூக்கி நகர்த்தித்தான் அந்த வீட்டில் எங்கும் போவார். எனக்கு அன்று அது தெரியாது. அந்த அறையில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புளி தட்டும் இடத்தில் யாரும் நிற்பதில்லை. வீட்டாரும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பத்து மூன்று வருடமாகத் தினமும் பார்ப்பதை யாரும் சொல்ல நினைப்பதில்லை. கேட்டிருக்க வேண்டியது நான். பதினான்கு கேள்வியில் அந்தக் கேள்வி இல்லை.

தாளை அங்கமுத்து படித்தார். எந்தத் தாளைப் படித்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று கேட்டது, "வூட்டுல எல்லாரையும் பாத்தியா ரங்கநாதா?"

"பாத்தேங்க. பதினொரு பேர்."

கையெழுத்துப் போட்டார். ஆயிரத்து அறுபத்து நான்கு டைல்கள் போயின. பங்குனியில் வேலை முடிந்தது.

முடிந்த ஒன்பதாம் நாள் மாதையன் போன் செய்தார். "தளமெல்லாம் நல்லா இருக்குதுங்க. ஒரு சின்ன விசயம், வந்து பாத்துட்டுப் போங்க" என்று இழுத்தார். வெறுமைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்து, தட்டிப் பார்க்கும் கம்பியோடு பதினொன்றாம் நாள் போனேன். குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். ஆயிரத்து அறுபத்து நான்கில் ஆறுதான் வெறுமை. அது நல்ல வேலை. நிமிர்ந்து மாதையனிடம் அதைச் சொன்னேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னறையிலிருந்து பாஞ்சாலை வந்தார். இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டியிருந்தார். இடுப்புக்கு அடியில் ஒரு சாக்கைக் கட்டியிருந்தார். கையை ஊன்றி ஒரு முறை நகர்வார், நிற்பார். சாக்கு சரசரவென்று கிழிபடும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு அடி வருவதற்கு ஏழு முறை நின்றார்.

"வாங்க கணக்குப்புள்ளெ. எத்தன கல்லு கெட்டுப்போச்சு?"

தட்டிப் பார்க்கும் கம்பியைக் கீழே வைத்தேன்.

"எத்தன காலுன்னு எழுதுனதா எங்கண்ணன் சொல்லுச்சு?"

"இருபத்திரண்டு."

"என்னுத ரெண்டையும் சேத்தா? மகராசன். அது ரெண்டும் இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு."

காவேரியம்மாள், "பாஞ்சாலை, அவரு என்ன தெரிஞ்சா செஞ்சாரு, விடு" என்றார்.

"நான் என்ன அடிக்கவா போறேன் அண்ணி?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கை ஆறிப்போயிரும்ங்க. அது பெருசில்ல. பத்து நாளா எனக்குச் சோத்தத் தட்டுல போட்டுக் கொண்டாந்து வெக்கறாங்க. இந்த வூட்டுல பதினோரு பேருக்கும் நான் ஆக்கிப் போடறவ. எனக்கு எவளும் கொண்டாந்து வெச்சதில்ல."

சமையலறையைப் போய்ப் பார்த்தேன். மேடை கிடையாது. கேஸ் அடுப்பு தரையில் ஒரு பலகை மேல் இருந்தது. பருப்பு, மிளகாய், உப்பு, கேழ்வரகு மாவு எல்லாம் சுவர் ஓரமாக, உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் பத்தொன்பது டப்பாக்களில் வரிசையாக இருந்தன. முதல் முறை அளவெடுக்க வந்தபோதும் அவை அங்கேதான் இருந்தன. நான் அவற்றை நகர்த்தச் சொல்லிவிட்டுச் சுவரை அளந்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பி அங்கமுத்துவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பதினான்காம் நாள் என்னோடு பஸ்ஸில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வழக்கமான சுற்றை நடக்கவில்லை. கூடத்தில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையை ஊன்றி நகர ஆரம்பித்தார்.

அறுபது வயது, தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. மாதையன் பதறிப்போய்த் தூக்க வந்தார். அங்கமுத்து தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பிள்ளைகள் கதவோரம் நின்று சிரித்தார்கள். பாஞ்சாலை செருப்பு மாட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மொள்ளப் போங்க சாமி. சமையக்கட்டு இன்னும் தூரமிருக்குது."

அங்கமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எத்தன தடவ போவீங்க ஒரு நாளைக்கு?" என்று கேட்டார்.

"நீங்க எத்தன தடவ நடக்கறீங்கன்னு எண்ணுவீங்களா?"

பின்னறையிலிருந்து சமையலறை நாற்பத்தொரு அடி. அவர் அதில் பதினாறு அடிதான் போனார். வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. எழுந்திருக்கத் தூண் தேவைப்பட்டது. உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வழியில் யோசித்து வைத்திருந்த ஒரு யோசனையைச் சொன்னேன். பின்னறையிலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் மூன்றடி அகலத்துக்கு மட்டும் டைலை எடுத்துவிட்டு வழுவழுப்பான கல்லைப் பாதைபோலப் போட்டுவிடலாம். மூன்று நாள் வேலை. அங்கமுத்து பாஞ்சாலையைப் பார்த்தார்.

"பாதையா?" என்றார் பாஞ்சாலை. "வூட்டுக்குள்ள நீங்க கோடு பாத்துத்தான் நடக்கறீங்களா? புள்ள அந்த மூலையில அழுதா நான் கோட்டு மேலயே நின்னு கூப்புடறதா?"

"மூணு நாள்ல முடியுங்க" என்றேன்.

"உங்களுக்கு முடிஞ்சிரும்."

அங்கமுத்து, "எல்லாத்தையும் எடுத்துரலாம்" என்றார். யார் செலவு என்பது கடைக்குள் நடந்த பேச்சு. அது இங்கே தேவையில்லை.

இப்போது எந்தக் கல் என்ற கேள்வி. இதை இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பாஞ்சாலைக்கு வழுவழுப்பு வேண்டும். காவேரியம்மாளுக்கு வழுக்கக் கூடாது. அவர் மணிக்கட்டு முறிந்தவர், ஈரத் தரையைக் கண்டாலே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கடப்பாக்கல் இரண்டு பேருக்கும் ஒத்துவரும், ஆனால் புளி அதைத் தின்றுவிடும். பளபளக்கும் டைல் ஈரத்தில் சோப்புக் கட்டிபோல. இருபத்திரண்டாம் நாள் ஏழு விதமான கல்லை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். முற்றத்தில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் முதலில் தண்ணீர், பிறகு புளிக்கரைசல் ஊற்றினோம். காவேரியம்மாள் ஈரக்காலோடு நடந்து பார்த்தார், ஒரு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலை வெறுங்கையோடு நகர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் சரி என்று சொன்னால்தான் அது சரி. ஐந்து கற்களை ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் தள்ளினார்கள். ஒன்றில் புளி கறை விட்டது.

மிஞ்சியது நம் பக்கத்துக் கிரானைட். பட்டறையில் கிரானைட்டுக்கு ஏழு பதமான சாணைக்கல்லை ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டி மெருகு ஏற்றுவார்கள். நான்காவது சாணையோடு நிறுத்திய துண்டு அது. கைக்குச் சந்தனக்கல்போல இருக்கும், காலுக்கு ஈரத்திலும் பிடிக்கும். பளபளப்பு இருக்காது. பட்டறைக்காரர், "வேலைய முடிக்காம குடுத்தா என் பேரு கெட்டுப்போகும்ங்க" என்று ஒரு வாரம் மறுத்தார். அந்த ஒரு வாரத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் கணக்கில் வரும்.

கல் அறுத்து வந்தது நாற்பத்தொன்றாம் நாள். டைலை உடைத்து எடுத்து, தரையை மட்டம் செய்து, கிரானைட் பதித்தோம். நடப்பவர்கள் காலுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் ஏற்றம், இழுத்து நகரும் கைக்குக் கத்தி. என் மட்டப்பலகை சரி என்று சொன்ன இடத்தில் பாஞ்சாலையின் கை பதினெட்டு ஏற்றங்களைக் கண்டுபிடித்தது. பதினெட்டையும் தேய்த்தோம். குளியலறை வாசலில் தண்ணீரைத் தடுக்க எழுப்பும் படியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி இரும்புச் சல்லடை போட்டோம். உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்தோம், ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. மூலைகளில் தண்ணீர் தாங்கும் பூச்சு மூன்று முறை. என் முப்பத்தொரு வருடத்தில் அதைவிட நல்ல தளம் நான் போட்டுக் கொடுக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வயதாகிவிட்டதால், எது நல்ல வேலை என்று ஒரு முறையாவது எழுதி வைக்கத் தோன்றுகிறது.

அறுபத்து மூன்றாம் நாள் ஒப்படைக்கப் போனோம். நானும் அங்கமுத்துவும். கடைசி நான்கு நாள் எனக்குக் காய்ச்சல், நான் அங்கே போகவில்லை. கொத்தனார்களே பார்த்து முடித்திருந்தார்கள்.

பாஞ்சாலை பின்னறை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். கையில் செருப்பு இல்லை, சாக்கு இல்லை. கையை ஊன்றினார். ஒரே வீச்சில் நான்கடி வந்தார். எங்களைத் தாண்டிப் போனார். கூடத்தைக் கடந்து, மூலையில் கிடந்த ஒரு பொம்மையை வழியிலேயே ஒதுக்கிவிட்டு, நாற்பத்தொரு அடியையும் நிற்காமல் போனார். புடவை தரையில் உரசும் சத்தம்கூட இல்லை. காவேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கமுத்து சுவரில் சாய்ந்துகொண்டார். நாங்கள் பின்னாலேயே சமையலறைக்குப் போனோம்.

சமையலறையில் மேடை கட்டியிருந்தார்கள். தரை உடைத்த நாட்களில் மருமகள்கள் முற்றத்தில் ஒரு பெஞ்சு மேல் அடுப்பை வைத்து, நின்றுகொண்டே சமைத்திருக்கிறார்கள். நின்று பழகிவிட்டது. தரை போடும்போதே மேடையும் போட்டுவிடலாம் என்று பெரிய மகன் கேட்டிருக்கிறார். என் கொத்தனார்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். கேட்டதைச் செய்வது அவர்கள் வழக்கம். முப்பத்திரண்டு அங்குல உயரம். மேலே பதித்திருந்த கல்லை எனக்கு அடையாளம் தெரிந்தது. சேதாரத்துக்கு இருக்கட்டும் என்று நான் கூடுதலாக அனுப்பிய இரண்டு பலகைகளில் ஒன்று. பத்தொன்பது டப்பாக்களும் மேடைக்கு மேலே அலமாரியில் ஏறியிருந்தன.

பாஞ்சாலை தலையை நிமிர்த்தி அடுப்பைப் பார்த்தார். அடுப்பின் அடிப்பக்கம்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சுதா, அடுப்ப எறக்கு" என்றார்.

சுதா மூத்த மருமகள். நல்ல பெண். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவர் தோளைத் தொட்டாள். "இனி என்னாத்துக்குச் சின்னத்தே? இத்தன வருசம் நீங்க ஆக்கிப் போட்டது போதாதா? நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நான் எப்பவும் உக்காந்துதான இருக்கேன்" என்றார் பாஞ்சாலை.

சுதா சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "சூடா சாப்புடலாம், இருங்க, தட்டுல போட்டுக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாஞ்சாலை என்னைப் பார்த்து, "எத்தன நாளாச்சுங்க மொத்தம்?" என்று கேட்டார்.

"அறுபத்து மூணு."

"உங்களுக்கு எல்லாம் தெரியுது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். பிறகு திரும்பி, வந்த வழியே பின்னறைக்குப் போய்விட்டார். போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கமுத்து மேடையின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். அதைப் பெயர்க்கச் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. அது அவர்கள் வீடு, அவர்கள் சமையல், நின்று சமைக்கும் இரண்டு பெண்களுக்கும் மேடைதான் வசதி. ஒரு தவறான தளத்தோடு ஒரு குடும்பம் இரண்டு மாதம் வாழ்ந்தால், அந்த இரண்டு மாதத்தில் அது வேறு விதமாக வாழக் கற்றுக்கொள்கிறது. அதை உடைத்து எடுக்க என்னிடம் கருவி இல்லை. பட்டறையில் போன ஒரு வாரத்தையும், முதல் நாள் எண்ணிக் கொண்டுபோன அந்த மாதிரிக் கல்லையும் இன்று வரை கழித்துப் பார்க்கிறேன். அறுபத்து மூன்று எப்படிக் கழித்தாலும் பூஜ்யம் ஆவதில்லை.

ஒப்படைப்புத் தாளை எடுத்தேன். அதில் 'குறைகள்' என்று ஒரு இடம் உண்டு, அளவெடுத்தவர்தான் நிரப்ப வேண்டும். மறுபடியும் ஒரு முறை கூடத்தின் நடுவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஓட வேண்டிய பக்கம் ஓடியது. தட்டிப் பார்த்தேன். ஒரு கல்லும் வெறுமை இல்லை. 'இல்லை' என்று எழுதினேன். மாதையன் கையெழுத்துப் போட்டார். அங்கமுத்து அதை வாங்கிப் படித்தார். முதல் முறையாக ஒரு கேள்வியும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.